வழங்க முடியாத தகவல்

நீங்கள் தந்த பிளேன்டித் தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை ஐயா. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிப் பழகியவன் நான். கல்முனையில் எங்கள் பாடசாலையின் பிரதி அதிபர். தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி வரும் விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் என்னுடையதுதான்.

ஸப்னா தன் மகளை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தபோது, பிள்ளையின் சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினாள். தகப்பன் றிம்சான் கொதிதண்ணீர் ஊற்றிய தழும்பு. நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடமே கொடுத்திருந்தது.

"அடுத்த முறை புள்ளய உசிரோட வைக்க மாட்டனெண்டு சொன்னவர் சேர். புள்ளட விசயம் ஒண்டும் வெளிய போகப்படாது" என்றாள். என் வாயிலிருந்து ஒரு தகவலும் போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு றிம்சானின் விண்ணப்பம் வந்தது. என் மகள் உங்கள் பாடசாலையில் படிக்கிறாளா என்று ஒரே கேள்வி. கரையோரத்துப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் அதையே அனுப்பியிருந்தான். அப்படியொரு மாணவி இல்லை என்று பதில் போட்டுவிட்டதாக மற்றவர்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருந்தார்கள். நானும் இல்லையென்றே எழுதியிருக்கலாம்.

நான் பதில் எழுதுமுன் ஒரு பின்னேரம் அவன் என் வீட்டுக்கே வந்தான். மரியாதையான மனிதன். பிளேன்டி குடித்தான். "ஒங்கட மகள் டியூசன் முடிஞ்சி தனியத்தானே வாறா சேர்?" என்று கேட்டான். குரலை உயர்த்தவேயில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நல்ல வெளிச்சத்திலேயே தெரிந்தது.

பொலிசுக்கு, உங்களிடம் வந்திருக்கலாம்தான். பயம் விடவில்லை. பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது என்று சட்டத்தைப் புரட்டினேன். 'கோரப்பட்டது தனிநபர் தகவல் என்பதால் வழங்க முடியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் யாராலும் ஒரு பிழை பிடிக்க முடியாது. எல்லாப் பாடசாலையும் இல்லையென்று சொல்ல, ஒன்று மட்டும் தர முடியாதென்றால் அதன் அர்த்தம் அவனுக்கு விளங்கும். எனக்கும் விளங்கித்தான் இருந்தது.

ஸப்னாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையோடு வேறு ஊருக்குப் போயிருப்பாள். அவன் திரும்ப என் வீட்டுக்குத்தான் வந்திருப்பான்.

மறு வாரம் பாடசாலை விடும் நேரம் அவன் கேற்றடியில் நின்றான். பிள்ளை கண்டுவிட்டாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், வாப்பா" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான், கழற்றிவிட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மாலையில் பெரியநீலாவணைக் கடலில் வலை இழுத்தவர்கள் உயிர் போன பிள்ளையின் ஜனாஸாவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

என் மகள் சுகமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

வாக்குமூலத்தில் எழுதுவதற்குப் பிள்ளையின் பெயரைக் கேட்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, அது தனிநபர் தகவல். தாய்க்குக் கொடுத்த வாக்கை நான் இன்றுவரை மீறவில்லை.