புல்லில் காய்ந்த போர்வை

அன்றைக்கு வீட்டுக்கு வந்த கறி நல்ல கறிதான், ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சான் கொண்டுவந்தான், அவனும் தின்றான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் அக்கா, என் பெண்டாட்டி, மட்டும் செத்துப்போனாள். அதனால் அவன்தான் எதையோ கலந்துவிட்டான் என்று பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவன் அறுப்புக்கூடத்தில் கத்தி பிடிக்கிறவன். எது காலையில் விழுந்தது, எது நேற்றையது என்று விரலை வைத்தே சொல்லிவிடுவான். அவன் வாய் நாறும், கொண்டுவரும் கறி நாறாது. அவனை அனுப்பிவிடுங்கள்.

நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். எனக்கு எழுத்து வந்ததே முப்பது வயதுக்கு மேல், அதுவும் பெண்டாட்டி புண்ணியத்தில். அடுப்பு பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் 'ஞ'வைப் பார்த்து, "இது எழுத்தா, செருப்புல நசுங்கின பல்லியா?" என்று சிரிப்பாள். மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை அதே அறுப்புக்கூடத்துக்கு வெளியே, பட்டியில். லாரியில் வரும் மாடுகளை இறக்கி, குழாயைப் பிடித்துச் சாணியைக் கழுவி, மறுநாள் உள்ளே ஓட்டிவிட வேண்டும். மாட்டோடு உண்ணியும் வரும். காதுக்குள், வாலடியில், மடியிடுக்கில் கொத்துக்கொத்தாக இருக்கும். ரத்தம் குடித்துப் பருத்தது ஊறின ஆமணக்கு விதை மாதிரி, சாம்பல் நிறத்தில். மிதித்தால் கறுப்பாகத் தெறிக்கும். கால் விரலிடுக்கில் காய்ந்து பிசுபிசுக்கும். பருத்தது கடிக்காது. பட்டி ஓரத்துப் புல் நுனியில் எள்ளுப் போல உட்கார்ந்திருக்குமே, பசித்தது, அதுதான் கடிக்கும். நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, அதே கையோடு சாப்பிடப் போவோம். பட்டிக்காரன் எவனும் அதையெல்லாம் ஒரு கடியாக நினைப்பதில்லை.

கறி என்றால் எனக்கு உயிர். மச்சானுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். விடுமுறை நாளில் மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்காருவோம். நான் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் தெருநாய் வாசலில் வந்து காத்திருக்கும் என்பாள் பெண்டாட்டி. அப்படி ஒரு நாள் மதியம் தின்றது, சாயங்காலம் என் மேல் ஏறியது. முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உடம்பு முழுக்கத் தடித்தது, உதடு மடிக்காம்பு மாதிரி வீங்கியது. வாந்தி, பேதி. கறியைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தின்று அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. எனக்கும் தோன்றவில்லை. மறுபடி தின்றேன். மறுபடி வீங்கினேன்.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பழைய கடித்தழும்புகளைப் பார்த்தார்.

"உண்ணி கடிச்சா சில பேருக்கு இப்படி ஆயிடும். ஆடு, மாடு, பன்னி எதுவும் இனிமே ஒத்துக்காது. அதுங்க கொழுப்புகூட ஆகாது. தின்ன உடனே வராது, பல மணி நேரம் கழிச்சு வரும். அதனாலதான் லேசுல கண்டுபிடிக்க முடியல."

"பொறந்ததுலேர்ந்து தின்னேனேம்மா?"

"அப்ப ஒடம்பு ஏத்துக்கிச்சு. இப்ப மாட்டேங்குது. மறுபடி கடி வாங்காதீங்க, இன்னும் கூடும். வீங்க ஆரம்பிச்சா இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு ஓடி வந்துடணும். மூச்சு அடைச்சுதுன்னா ஆளு மிஞ்ச மாட்டாரு."

வீட்டில் வந்து சொன்னேன். பெண்டாட்டி நம்பவில்லை. "எல்லாம் மனசுல இருக்குற பயங்க. பயந்தா தண்ணி குடிச்சாகூட வீங்கும்" என்றாள். மச்சானுக்குக் கேட்கவா வேண்டும். "மாட்டோட இருந்து இருந்து மாமா மாடாவே ஆயிட்டாரு. நாளைக்கு ஒரு புல்லுக்கட்டு வாங்கியாரட்டா மாமா?" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல்லிடுக்கில் ஒரு கறி நார் தொங்கியது.

அந்த நாரை நான் மறக்கவில்லை.

நான் பருப்பும் சோறுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அவர்கள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிரே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, ஐயா, மனுஷன் தின்பது எவ்வளவு அசிங்கம் என்று. கொழுப்பு மணிக்கட்டு வரை வழியும். அதை நாக்கால் நக்குவாள். மூளையை உறிஞ்சும்போது மச்சானுக்கு மூக்கும் சேர்ந்து ஒழுகும். சட்டியில் ஆறிய கொழுப்பு வெள்ளையாக ஆடை கட்டும். அதை விரலால் வழித்துத் தின்பார்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவள் மூச்சில் கறி, வியர்வையில் கறி, தலையணையில் கறி. என் பாயை எடுத்துக்கொண்டு வாசலடிக்குப் போய்விட்டேன்.

பிறகு அந்தப் பருப்பு. மச்சான் ஒரு கரண்டி கொழுப்பை உருக்கி என் பருப்பில் ஊற்றிவிட்டான். எனக்குத் தெரியாது. பட்டியில் மாடு இறக்கும்போது விழுந்தேன். முகம் சாணிக்குள் கிடந்தது, வாயை மூட முடியவில்லை, நாக்கு அவ்வளவு பெரிதாகிவிட்டது. சாணி உள்ளே போனதைத் துப்பக்கூட முடியவில்லை. லாரிக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்து வீட்டுக்கு வந்தால், "சும்மா ஒரு பரிச்சைதான் மாமா. கொழுப்புதானே, வெஷமா?" என்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு கரண்டிதாங்க. தெரியாம குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சோம்" என்றாள்.

நினைத்தோம் என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து நினைத்திருக்கிறார்கள்.

நான் கோபப்படவில்லை. தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரியவைக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். கெடுதல் நினைப்பு எதுவும் இல்லை. தனியாகச் சாப்பிடுவது கொடுமை, ஐயா. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

பட்டியில் குழாய்த் தண்ணீர் வேகமாக வரும், போர்வைகளை அங்கே கொண்டுபோய் அலசி வருகிறேன் என்றேன். அவள் வாயைப் பிளந்தாள். "கட்டிக்கிட்டு இத்தனை வருசம் கழிச்சு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று மச்சானிடம் சொல்லிச் சிரித்தாள். சந்தோஷம்தான் அவளுக்கு. நன்றாகவே அலசினேன். வெயிலும் நல்ல வெயில். பட்டி ஓரத்துப் புல்லின் மேல் விரித்துக் காயப்போட்டேன். காய்ந்ததும் உதறாமல், பதமாக மடித்து எடுத்து வந்து, அவள் படுக்கையில் என் கையாலேயே விரித்தேன். அதே மாதிரி அவனுக்கும் ஒன்று.

இடுப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. மூட்டைப்பூச்சி என்று மெத்தையை வெளியே போட்டு அடித்தாள். நானும் கூட நின்று அடித்தேன். மறுவாரம் மறுபடி அலசினேன். மாதக்கணக்கில் அலசினேன். மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில பேருக்குத்தான் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னது சரிதான். அவன் தோலும் அவனைப் போலத்தான், எதுவும் உறைக்காது.

ஒரு சாயங்காலம் அவள் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கறி. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது.

"என்னங்க, ஒங்களுக்கு வந்த மாதிரியே இருக்கே?"

"மனசுல இருக்குற பயம்தான். பயந்தா தண்ணி குடிச்சாகூட வீங்கும்" என்றேன்.

என்னையே பார்த்தாள். வீக்கத்தில் ஒரு கண் மூடியிருந்தது. அதற்குப் பிறகு அவளாகவே கறியை விட்டுவிட்டாள். மூலைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பும் சோறும் தின்றாள். மச்சான் சட்டியோடு தனியாக இருந்தான். "ஒங்கள நம்பாம போயிட்டேனே, நான் பாவிங்க" என்று அழுதாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். துணை கிடைத்துவிட்டதே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பை மெல்லும்போதும் அந்த நாற்றம் இருந்தது. பருப்பு அவள் கடைவாயில் வழிந்தது. மெல்லுகிற சத்தம் அதே சத்தம். நார் தொங்கிய பல் அதே பல். கறியில்தான் அருவருப்பு இருக்கிறது என்று நினைத்தது என் தப்பு.

போன விடுமுறை நாளில் மச்சான் இளங்கறியாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் பங்கைத் தின்றுவிட்டு வெளியே போனான். அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆசை இருக்கத்தானே செய்யும்.

"டாக்டரம்மாவக் கேட்டேன். பொம்பளைங்களுக்கு இது நெலைக்காதாம். இப்ப நீ சாப்பிடலாமாம்" என்றேன்.

"நெசமாவா சொன்னாங்க?"

"உன்கிட்ட எதுக்கு நான் பொய் சொல்லணும்?"

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு உள்ளங்கையைச் சொறிந்தாள். மாத்திரை எங்கே என்று கேட்டாள். என் சட்டைப் பையில்தான் இருந்தது. தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலடியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இழுக்கும் சத்தம். கழுத்தறுத்த மாடு கடைசியில் இழுக்குமே, அது மாதிரி. வேலையில் தினமும் கேட்கிற சத்தம்தான். மச்சான் திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே வண்டி பிடிக்க ஓடினான். நான் உள்ளே போய் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். துடைத்த துணியைத் தொட முடியாமல் காலால் ஒதுக்கினேன்.

மறந்துவிட்டேன், ஒன்று பாக்கி இருக்கிறது. என் பெண்டாட்டிக்கு நான் என் கையால் பரிமாறியது அன்றைக்கு ஒருநாள்தான், ஐயா. போதுங்க, போதுங்க என்று தட்டைக் கையால் மூடினாள். அந்தக் கையை விலக்கிவிட்டு, கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து இன்னும் இரண்டு வைத்தேன். பிரியம் இல்லாத புருஷன் எவனாவது அப்படிப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவானா, நீங்களே சொல்லுங்கள்.