உங்க கேட்டு முன்னாடி இருக்கற கறை

இல்லம்மா, நான் எதுவும் விக்க வரல. கதவச் சாத்தாதீங்க. இந்தக் கறையப் பாத்துட்டுத்தான் நின்னேன். இதோ, உங்க கேட்டு முன்னாடி, தட்டு அகலத்துக்குக் கறுப்பா இருக்கே, இது எங்க வண்டியோட எண்ணெய்ம்மா. நிச்சயமாத் தெரியும். எங்க வீட்டு வாசல்லயும் இதே கறைதான், இதே வாடைதான். கொஞ்சம் இந்தப் படியில உக்காந்துக்கவா? ரொம்ப தூரம் நடந்து வந்துட்டேன். உள்ள வேற யாரும் இருக்காங்களா? யாரும் இல்லையா. சரி. தண்ணியா? குடுங்க, புண்ணியமாப் போகும்.

இங்க எந்த வண்டியும் நிக்கறதில்லையா? சரிம்மா, நீங்க சொன்னா சரிதான். எனக்குப் பதட்டம் வந்தா வாய் நிக்காது, பொறுத்துக்கங்க.

பழைய வேன் அது. எங்க வீட்டுக்காரரு ஒரு லாண்ட்ரிக்கு ஓட்டறாரு. லாட்ஜு, ஆஸ்பத்திரின்னு போயி அழுக்கு பெட்ஷீட்ட அள்ளிட்டு வரணும், வெளுத்ததத் திருப்பிக் குடுக்கணும். அந்த வண்டி கொஞ்ச மாசமா ஒழுகுது. காலைல எடுத்துட்டுப் போனா வாசல்ல ஒரு வட்டம். எங்கேர்ந்துதான் வருதுன்னு கண்டுபுடிக்க முடியல. பாக்காத எடமில்ல. அவரு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே சாப்புட்டாரு, அடியில படுத்துக்கிட்டே எங்கிட்ட சண்ட போட்டாரு. அந்தக் கால்ரெண்டயும் பாத்து நான் பேசிப் பேசி, இப்பல்லாம் அவரு மூஞ்சியவிட முட்டிதான் எனக்கு நல்லா ஞாபகத்துல இருக்கு.

இதுல என் தம்பி வேற. வாட்டர் ஃபில்டர் விக்கறவன். உலகத்துல எது சொட்டினாலும் அது தன்னோட டிபார்ட்மென்ட்டுன்னு நினைப்பு. வந்தான், ஒரு விரல்ல தொட்டான், நாக்குல வெச்சான். ஐயோ ஆமாம்மா, நக்கினான். கண்ண மூடி யோசிச்சுட்டு, அக்கா, சுத்தமான எஞ்சின் ஆயிலு, அடிச்சுச் சொல்றேன்னான். அப்புறம் பாத்ரூம விட்டு அவன் வெளிய வரவே இல்ல, அது வேற கதை. ஆனா அவன் அடிச்சுச் சொன்னதுனால நாங்க எல்லாரும் எஞ்சினையே கட்டிக்கிட்டு அழுதோம்.

அதுல ஒரு விசித்திரம் பாருங்க. எஞ்சின்ல கம்பிய விட்டுப் பாத்தா எண்ணெய் கொறையவே இல்ல. கீழ சொட்டுது, மேல அப்படியே இருக்கு. எங்க வீட்டுக்காரரு ரொம்ப யோசிச்சு, எஞ்சினே எண்ணெய் ஊறுதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. கெணறு மாதிரி. என் தம்பி அத பாட்டில்ல புடிக்கறதப் பத்தி பாத்ரூம்குள்ள இருந்தே பேச ஆரம்பிச்சுட்டான்.

மெக்கானிக்கு ஒருத்தரு சொன்னாரு, எஞ்சினத் தொடச்சுட்டுப் பவுடர் தூவுங்க, எங்க நனையுதோ அங்கதான் ஓட்டைன்னு. நல்ல யோசனைதான். எங்க வீட்டுக்காரரு கொஞ்சமாத் தூவியிருக்கணும். என் மூஞ்சிப் பவுடர் டப்பாவ முழுசாக் கொட்டிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. உள்ள ஃபேன் சுத்தும்ல? தெருவே தெரியல. வெள்ள வெளேர்னு ஒரு உருவம் பொகைக்குள்ளேர்ந்து இருமிக்கிட்டே வருது. எதிர்வீட்டு நாய் அன்னிக்கு ஓடினதுதான், இன்னும் எங்க தெருப்பக்கம் எட்டிப் பாக்கல.

அதுக்கப்புறம்தான் டயப்பரு. சிரிக்காதீங்க. கொழந்தைங்களுக்குக் கட்டற டயப்பரேதான். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் குடுத்துரும்ல? கடையில அந்தப் பொண்ணு கேட்டிருக்கு, கொழந்த எவ்ளோ வெயிட்டு சார்னு. இவரு ஒரு டன் இருக்கும்மான்னிருக்காரு. கட்டுக் கட்டா வீட்டுக்குள்ள போறதப் பாத்துட்டு பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. சொல்லவே இல்லையேங்கறாங்க. எனக்கு வயசு அம்பத்தி ரெண்டு! இல்லங்க, வேனுக்குன்னேன். இன்னும் கெட்டியாக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

எஞ்சின் பூரா டயப்பர் கட்டியாச்சு. ஒண்ணுகூட நனையல. ஒரே ஒரு டயப்பர் மிச்சம். வீணாப் போகுதேன்னு நேத்து ராத்திரி நான்தான் அத பின் சக்கரத்துக்கு உள்பக்கமாக் கட்டி வெச்சேன். காலைல அவரு கெளம்பினப்புறம் பாத்தா, அது அவுந்து வாசல்ல கெடக்கு. கறுப்பா, கனமா, சொதசொதன்னு. அப்பவே அத ஒரு பையில போட்டு எடுத்துட்டு மெக்கானிக் கடைக்கு ஓடினேன். பையத் தொறந்ததும் அங்க இருந்த ஆம்பளைங்க எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு எட்டிப் போயிட்டாங்க. மெக்கானிக்கு மட்டும் அத மூஞ்சிக்கு நேராப் புடிச்சு ஒரு இழு இழுத்தாரு. பாக்கறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. அழுகின முட்ட நாத்தம் வருது பாருங்க, இது எஞ்சின் ஆயிலே இல்லம்மா, பின் சக்கர அச்சுக்குள்ள இருக்கற எண்ணெய், அங்க எண்ணெயத் தடுக்கற சீலு போயிருக்குன்னாரு. இத்தன நாளா முன்னாடியே தேடியிருக்கோம், ஓட்டை பின்னாடி.

இன்னொண்ணும் சொன்னாரு. அத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்னுதான் கெளம்பினேன். போன் எடுக்கல. என் நாத்தனாரக் கூட்டிக்கிட்டு லாண்ட்ரிக்குப் போனேன். சூப்பர்வைசரு என்ன ஏற எறங்கப் பாக்கறாரு. இன்னிக்கு லீவு சொல்லிட்டாரேம்மா, வீட்ல விசேஷம்னாருங்கறாரு. எங்க வீட்ல டயப்பரத் தவிர வேற ஒரு விசேஷமும் இல்ல. அவரு வண்டி நிறுத்தற எடத்தக் காட்டுங்கன்னேன். தர சுத்தமா இருக்கு. சொட்டு ரெண்டு, அவ்ளோதான். மத்தியானத்துக்கு மேல அவரு இங்க என்னிக்கும் இருந்ததில்லையேன்னாரு. எங்க வீட்டுக்கு அவரு வர்றது வெளக்கு வெச்சப்புறம்.

தரையப் பாத்தேன். லாண்ட்ரி வாசல்லேர்ந்து பழைய சொட்டு ஒண்ணு. கொஞ்சம் தள்ளி இன்னொரு சொட்டு. நடந்தேன்.

நாத்தனாரு கொடையப் புடிச்சுக்கிட்டு பின்னாடியே வந்தாங்க. வேகத்தட இருக்கற எடத்துல நாலஞ்சு சொட்டு சேந்து கெடக்கும். சிக்னல்ல ஒரு குட்டி வட்டம். நடு ரோட்டுல குனிஞ்சுக்கிட்டே போனா நாலு பேரு கேக்காம இருப்பாங்களா? தோடு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டேன். பொய்யி நிக்கணுமேன்னு ஒரு காதுல கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அவ்ளோதான், ஆளாளுக்குக் குனிஞ்சுட்டாங்க. டிராஃபிக் போலீஸ்காரரு வண்டியெல்லாம் நிறுத்திட்டாரு. ஒரு பெரியவரு நெஜமாவே ஒரு தோட்டக் கண்டுபுடிச்சுட்டாரு. என்னுது இல்லைங்கன்னா கோவிச்சுக்கிட்டாரு, பதட்டத்துல உங்க பொருள் உங்களுக்கே தெரியலங்கறாரு. அங்கயே போட்டுக்க வெச்சாரு. இதோ பாருங்க, இந்தக் காதுல என்னுது, இந்தக் காதுல எவளோடதோ.

அப்படியே வந்தேன். உங்க கேட்டோட சொட்டு நின்னு போச்சு.

ஒண்ணு கேக்கட்டுமா? மரத்தூளு போட்டிருக்கீங்க. சோப்புத் தூளும் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க, பிரஷ்ஷு கோடு தெரியுது. நானும் அங்க இப்படித்தாம்மா தேய்க்கறேன். போகாது. கொடியில காயுதே அந்தக் கட்டம் போட்ட சட்ட, அதுல ரெண்டாவது பட்டன் நான் தெச்சது. நீல நூல் தீந்து போச்சுன்னு காப்பிக் கலர் நூல்ல தெச்சேன்.

அழாதீங்க. அட, அழாதீங்கங்கறேன். எத்தன வருஷம்னு நான் கேக்கப் போறதில்ல. உங்களுக்கு என்னப் பத்தித் தெரியுமா தெரியாதான்னும் இப்பக் கேக்கல. அவரு எங்க, அத மட்டும் சொல்லுங்க.

எங்க? உங்கம்மாவக் கூட்டிட்டு வரப் போயிருக்காரா? கண் ஆஸ்பத்திரிலேர்ந்தா? எங்கம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் நடந்தப்ப வண்டி ஒழுகுது, வர முடியாதுன்னாரும்மா அவரு.

சரி. இருக்கட்டும். எப்ப வருவாரு? வர்ற நேரந்தானா? உங்கம்மாகிட்ட போன் இருக்கா? இல்லையா. அவரு ஓட்டறப்ப எடுக்க மாட்டாரு, காலைலேர்ந்து நானும் அடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

மெக்கானிக்கு சொன்ன இன்னொண்ணு இதுதான். அந்த எண்ணெய் சக்கரத்துக்குள்ள எறங்கி பிரேக்கு கட்டையெல்லாம் ஊறிப்போயிருக்குமாம். சமதரையில ஒண்ணும் தெரியாதாம். இறக்கத்துல வேகமா வந்து மிதிச்சா புடிக்காதாம். உங்க தெரு மேலேர்ந்து நேரா உங்க கேட்டுக்குத்தாம்மா எறங்குது.

நாத்தனார மேல முக்குல நிறுத்தி வெச்சிருக்கேன், கொடைய ஆட்டி வண்டிய நிறுத்துங்கன்னு. ஆனா இப்ப யோசிச்சா அது சரி வராது. இந்தத் தெருவுல சொந்த அக்காவப் பாத்தா அவரு நிறுத்துவாரா? என்னப் பாத்தா ஆக்சிலேட்டர இன்னும் ஒரு மிதி கூட மிதிப்பாரு. உன்னப் பாத்தாத்தான் தூரத்துலயே வேகத்தக் கொறைப்பாரு.

எந்திரிம்மா. கண்ணத் தொடச்சுக்க, செருப்பப் போடு, மேல முக்குக்குப் போவோம். நீ ரோட்டோரமா முன்னாடி நில்லு. நானும் நாத்தனாரும் மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கறோம்.