சகலப்பாடி வண்டி டயரு

இல்ல பாய், எனக்கு இது வேணாம். எங்க சகலப்பாடி அருள்முருகன் போன மாசம் உங்ககிட்டதானே நாலு டயரும் மாத்துனான்? வெள்ளக் காரு, உச்சிப்புளில சிமெண்ட் கடை வச்சிருக்கான்ல, அவனேதான். அவனுக்கு என்ன போட்டீகளோ, அதுக்கு ஒரு படி மேல இருக்குறத எடுத்து வைங்க. பெர்பாமன்ஸ் டயருன்னு இருக்காம்ல, போன்ல பாத்தேன். அகலமா, சைடு கட்டையா, வளைவுல போனா அப்படியே ரோட்டக் கவ்விக்கிடுமாம். அது வேணும்.

முன்னாடி ரெண்டு மட்டும் வாங்குனா போதுமா? அதுவும் சரிதான். முன்சக்கரம் இழுக்குற வண்டி. இழுக்குறதும் அதுதான், திரும்புறதும் அதுதான், பிரேக்க மிதிச்சா பாரம் பூராம் விழுகுறதும் அதுமேலதான். அது மொட்டையாப் போச்சு, பின்னாடி ரெண்டும் நல்லாத்தான் கெடக்கு. என்னது? புதுசப் பின்னாடி போட்டுட்டு, பின்னாடி கெடக்குற பழச முன்னாடி மாட்டணுமா? மழைல பின்பக்கம் வழுக்குனா வண்டி சுத்திருமா? சரியாப் போச்சு போங்க. இழுத்துச் சாகுறவனுக்குப் பழசு, சும்மா பின்னால உருண்டு வாரவனுக்குப் புதுசு. எங்க மாமனாரு வீட்டுலயும் இதே கததான் பாய்.

மூத்த மருமகன்னு பேரு எனக்கு. போர் மோட்டாரு ரிப்பேரா, கூப்புடு மருதுபாண்டிய. மாமியாளுக்கு மூச்சு வாங்குதா, கூப்புடு மருதுபாண்டிய. நானும் மொளகாய் லோடு அப்படியே நிக்கப் போட்டுட்டு ஓடுவேன். அந்தச் சகலப்பாடி எப்பயாச்சும் வருவான், ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டாருவான். அன்னைக்கு அந்த வீட்டுல நண்டுக் கொழம்பு. எனக்கும் ஒரு காலு கெடைக்கும். அவன் வந்த புண்ணியத்துல.

சிரிங்க, சிரிங்க. பொறாமைதான். ஒளிச்சுப் பேச எனக்கு வராது. வயித்தெரிச்சல்ல ராத்திரி படுத்தா பொரண்டுக்கிட்டே கெடக்கேன். நண்டுக்கா? நண்டு கெடக்கு பாய், அதுக்கா எரியுறேன்.

போன வாரம் ராமேஸ்வரத்துல சொந்தத்துல ஒரு கல்யாணம். திரும்பி வாரப்ப என் வண்டில மாமனாரு, மாமியா, சீர்ச்சாமான்னு ரொம்பிருச்சு. என் சம்சாரம் ஈஸ்வரி, நான் தங்கச்சி கூட வாரேன்னு அவன் வண்டில ஏறிட்டா. தங்கச்சியத்தானே அவனுக்குக் குடுத்துருக்கு. சரி, ஏறட்டும். பாம்பன் பாலத்துல வண்டியெல்லாம் நின்னுருச்சு. அவன் வண்டி எனக்கு முன்னால நிக்கிது. தண்ணி வேணுமான்னு கேப்போம்னு எறங்கிப் போயி சன்னல்ல எட்டிப் பாக்கேன். ஈஸ்வரி தலையச் சாச்சு, லேசா வாயத் தொறந்து, அசந்து தூங்குறா பாய். கடக்காத்து மூஞ்சில அடிக்கிது, அத்தன பேரும் ஆரன் அடிக்கிறான், அவ அசையல.

தூங்குனா என்னவா? என் வண்டில அவ கண்ண மூடி நான் பாத்ததே இல்ல. சன்னலுக்கு மேல கைப்பிடி இருக்கே, ராமநாதபுரத்துல ஏறிப் புடிச்சா, மதுரைலதான் விடுவா. நான் ஒண்ணும் வேகமா ஓட்டுறவன் இல்ல, லாரிக்காரன் கூட ஏசிட்டுப் போவான். ஏன்டி அவன் வண்டில மட்டும் அப்படித் தூங்குனன்னு கேட்டேன். அதுல சத்தமே இல்ல, அலுங்காமப் போச்சுன்னா. ரெண்டும் ஒரே மாடல் வண்டி பாய், ஒரே எஞ்சின். அவனுது வெள்ள, என்னுது செவப்பு, அம்புட்டுத்தான் வித்தியாசம். அப்ப டயருதானே?

அகல டயருல குலுக்கல் கூடுமா? சைடு கட்டையா இருந்தா பள்ளத்துல விழுகும்போது இடுப்புக்கு வந்துருமா? சத்தமும் சாஸ்தியா? அப்ப அவன் வண்டில மட்டும் எப்படி...

என்ன சொல்றீக? சாதாரண டயரா? கம்பெனில இருந்து வண்டியோட வருமே, அதேவா? அப்ப என் வண்டில தேஞ்சு கெடக்குதே, இதுவும் அதுவும் ஒண்ணுதானா?

நல்லா ஞாபகம் இருக்கா? நீங்களே உங்க கையால மாட்டுனீகளா?

தேஞ்சா சத்தம் வரும்ங்கிறது சரிதான். ஆனா புதுசா இருந்தப்பயும் அவ கைப்பிடிய விட்டதில்லயே பாய்.

ஏலே தம்பி, அந்த போல்ட்ட கழட்டாத. மாட்டிரு. மாட்டிரு, பரவாயில்ல.

கோவமெல்லாம் இல்ல பாய். உங்க மேல என்ன கோவம். மழைக்கு வழுக்கும்னு எனக்குந் தெரியும், பாத்து ஓட்டிக்கிறேன். நாளைக்கு மதுரைக்குப் போகணும், அவளும் வாரா. அதான் ரோசனையா இருக்கு.

ஒண்ணுமில்ல. ஈஸ்வரிய மொதல்ல பொண்ணு பாக்க வந்தது அந்த அருள்முருகன்தான். பூ வைக்கிற வரைக்கும் வந்துருச்சு, பெறகு சாதகம் சேரலன்னு மாமனாரு விட்டுட்டாரு. அதுக்கப்புறந்தான் நானு. தங்கச்சிக்குன்னு அவுக மறுபடி வந்து கேட்டது எங்க கல்யாணம் முடிஞ்சு. ஊருல நடக்காததா? அவ எனக்கு ஒரு கொற வச்சதில்ல பாய், பொய் சொல்லக் கூடாது.

இப்ப புதுசப் போட்டு, நாளைக்கும் அவ தூங்கலன்னு வைங்க. நான் எதக் குத்தஞ் சொல்லுவேன்? இந்த மொட்ட டயரே கெடக்கட்டும் பாய். வண்டிய எறக்கி விடுங்க.