ராவ் சாகிப்பின் நீச்சல் குளமும் ஆறு வெள்ளைக் கோப்பைகளும்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தின் ஆரோக்கியத்தை முன்னிட்டு, ரிடையர்டு தாசில்தார் ராவ் சாகிப் குற்றாலலிங்கம் அவர்கள், விஞ்ஞான முறைப்படி சுத்தி செய்யப்பட்ட நீச்சல் குளம் ஒன்றை, வருகிற வெள்ளிக்கிழமை பகல் பத்து மணிக்குத் திறந்துவைப்பார்கள்.

எங்கே? குற்றாலத்தில்! மலையுச்சியிலிருந்து தண்ணீர் தானாக வந்து தலையில் கொட்டுகிற ஊரில். அந்த நோட்டீஸை வாசித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை... விளக்கைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள்.

கொல்லம் ரயில் வருவதற்குள் சொல்லிவிடலாம். மலையில் மண் சரிந்திருக்கிறதாம். தென்காசி ஸ்டேஷனில் இந்த நேரத்தில் நாம் நாலு பேர்தான், ஒரு அரிக்கேன் விளக்கு, வெளியே மழை. இது என் பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆதித்தனின் அக்காள் புருஷன் சொரிமுத்துவுக்கு நடந்தது. ஆதித்தன் வாயைத் திறக்கமாட்டார். நான் பொய் சொன்னால் மட்டும் இருமுவார்.

மாலை ஆறேகால் மணி. மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற சாலை. மார்கழிப் பனி. சீசன் முடிந்து மூன்று மாதம். ஆள் இல்லை, வண்டி இல்லை. சொரிமுத்து தலையில் ஒரு தகர டின்னோடு தனியாக நடந்து போகிறார். டின்னில் பிளீச்சிங் பவுடர். ஊரில் அதற்குப் பேதிப் பொடி என்று பெயர். மூடி சரியாகப் பொருந்தவில்லை. நடக்க நடக்கப் பொடி உதிர்ந்து கழுத்தில் விழுகிறது. அந்த நெடி... அவருக்குப் பழகின நெடி. எங்கே பழகியது என்று அவர் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

சொரிமுத்து ராவ் சாகிப்பின் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். குடியிருப்பதும் தோப்புக் குடிசையில்தான். நீச்சல் குளத்துக்குக் காவலும் மருந்தும் இனி நீதான் என்று ராவ் சாகிப் ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டார். மார்கழியில் யாரும் பிள்ளைக்குக் காதுகூடக் குத்தமாட்டார்கள். ஆனால் ஜனவரி முதல் தேதி பட்டங்கள் வெளியாகும். ராவ் சாகிப்பை ராவ் பகதூர் ஆக்கக்கூடிய துரை ஒருவர் குளத்தைப் பார்க்க வருகிறார். பிறகென்ன, மார்கழி!

பட்டாளத்தோடு பாஸ்ரா வரைக்கும் போய்த் தண்ணீர் சோதித்த ஏசுதாசன் வந்து, ஒரு பகல் முழுக்க வேலையைக் காட்டிக்கொடுத்தார். ஒரு பெட்டி. உள்ளே கறுப்புக் கோப்பை ஒன்று, வெள்ளைக் கோப்பை ஆறு. கறுப்பில் பொடியைக் கரைக்கவேண்டும். வெள்ளை ஆறிலும் குளத்துத் தண்ணீர். முதல் கோப்பையில் கரைசல் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, ஆறாவதில் ஆறு. அரைமணி நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் சோதனை மருந்து மூன்று சொட்டு விடவேண்டும். நீலம் பூத்தால் தண்ணீர் சுத்தம். பூக்காமல் வெள்ளையாக நின்றால், அழுக்கு பொடியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

“ஆளு எறங்கிக் குளிச்சாத் தின்னும் அண்ணாச்சி. எண்ணெ, சீயக்காய், வேர்வை, எல்லாத்துக்கும் பொடிதான் இரை. கோப்பை பொய் சொல்லாது, பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு ஏசுதாசன் ஊருக்குப் போனார்.

டின்னோடு நடந்து வந்த அன்று வெள்ளிக்கிழமை. திறப்புவிழாவுக்குச் சரியாக ஒரு வாரம். சாயங்காலம் சொரிமுத்து பொடியைக் கரைத்துக் குளத்தில் ஊற்றினார். சோதித்தார். ஆறும் நீலம். கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை. முதல் கோப்பை வெள்ளை.

கை தவறியிருக்கும் என்று நினைத்தார். மறுபடியும் பொடி. ஞாயிற்றுக்கிழமை... இரண்டு கோப்பை வெள்ளை. திங்கட்கிழமை மூன்று. குளத்தின் மேலே மெல்லிசாக எண்ணெய்ப் படலம், மயில் கழுத்து மாதிரி மின்னுகிறது. குனிந்தால் பொடி நெடி. அதற்கும் அடியில் நல்லெண்ணெய் வாசம்... சீயக்காய் வாசம்.

“என்னவே, பேயி சீயக்காய் தேச்சுக் குளிக்குமா?” என்று எதிரில் உட்கார்ந்து கேட்கிறீர், மசூது. சிரியும். ராவ் சாகிப்பும் பேய் என்று நம்பவில்லை.

“ஏலே, ராத்திரி பொஞ்சாதியக் கூட்டிட்டு வந்து எண்ணெ தேச்சுக் குளிக்கே, என்ன?”

“இல்ல எசமான். சாவி என் இடுப்புலதான் கெடக்கு.”

“அப்பம் நீதாம்லே குளிச்சிருக்கே! வெள்ளிக்கிழமை காலையில ஆறும் நீலமா நிக்கணும். நிக்கலன்னா குடிசையக் காலி பண்ணிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையக் கட்டு.”

அன்று ராத்திரி சொரிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. குளத்தை ஒட்டிய பம்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விழித்திருந்தார். விடிய ஒரு நாழிகை இருக்கும்போது சத்தம் கேட்டது. தண்ணீரில் குதிக்கிற சத்தம் இல்லை. சரக்... சரக்... ஈரத் தலையில் சீயக்காய் அரக்கித் தேய்க்கிற சத்தம். நிற்கும். மறுபடி... சரக்... சரக்... பேச்சு இல்லை, மூச்சு இல்லை. கதவுத் தாழ்ப்பாளில் வைத்த கையை அவரால் அசைக்க முடியவில்லை.

வெளுத்த பிறகு வெளியே வந்தார். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. கரையில் சிமெண்டின்மேல் காய்ந்த வெள்ளைப் பொடி சிதறியிருந்தது. அவர் அங்கே பொடி கொட்டவே இல்லை. யாரோ கரையில் நின்று, உடம்பில் ஒட்டியிருந்ததை உதறிவிட்டு இறங்கின மாதிரி... நாலு இடத்தில். அன்று நாலு கோப்பை வெள்ளை.

புதன் ஐந்து. வியாழன் ஆறு.

ஆறாவது கோப்பையும் வெள்ளையாக நின்றதும், இத்தனை நாளாக நினைக்காமல் இருந்ததை அவர் நினைத்துவிட்டார். குடிசைக்கு ஓடி வந்து மனைவி குருவம்மாளிடம் சொன்னார்.

“பேதி வருசம் ஞாபகம் இருக்கா? கடைசி வண்டியில ஆறு பேரு.”

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டத்தில் காலரா புகுந்தது. அதை ஒழிக்க வந்த விசேஷ அதிகாரி நம் ராவ் சாகிப். உத்தரவு போட்டார்: செத்த ஒரு மணி நேரத்தில் குழி. குளிப்பாட்டக் கூடாது. பொடி தூவி மூடவேண்டும். பிணவண்டி ஓட்டினவர் சொரிமுத்து. சொந்தக்காரர்கள் எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயுமாக ஓடி வந்தார்கள். செத்தவர் தலையில் இடது புறங்கையால் எண்ணெய் தொட்டு வைத்துக் குளிப்பாட்டி அனுப்புவதுதானே முறை? தடியைக் காட்டி அவர்களை மேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ராவ் சாகிப் குழிக்கரையில் நின்று, “மொகம் மறையுத வரைக்கும் தூவுலே” என்றார். சொரிமுத்து தூவினார். ஆறு முகமும் மறைந்தது.

குருவம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு சொன்னாள். “அந்தப் பொடி நெடியப் புடிச்சுத்தான் வந்திருக்காக. மேல ஒட்டுனதக் கழுவ வேண்டாமா? அன்னைக்கு வைக்க விடாததை இன்னைக்கு வச்சிருங்க.”

“தூவுனவன் கையால வாங்குவாகளா?”

“வாங்குதாகளா இல்லையான்னு காலையில தெரியும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் குளத்தில் பொடி போடவில்லை. கரையில் ஆறு வாழையிலைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் சீயக்காய்த் தூளை வைத்து, இடது புறங்கையால் எண்ணெய் தொட்டு விட்டார். கதவைப் பூட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை. இலைகள் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தன. கோப்பைகளை வைத்தார். அந்த அரைமணி நேரம்... குடிசை, வேலை, போலீஸ், எல்லாம் அந்தக் கோப்பைகளில். மருந்தைச் சொட்டினார். ஒன்று நீலம். இரண்டு நீலம். ஆறும் நீலம்! உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிறகு இலைகளைப் பொறுக்கப் போனார். ஆறு காலி இலை. தள்ளி ஏழாவதாக ஒரு இலை. அதை அவர் வைக்கவில்லை. அதில் சீயக்காயும் எண்ணெயும் தொடாமல் இருந்தன.

அன்று குழிக்கரையில் உயிரோடு நின்றவர்கள் இரண்டு பேர். தூவினவர் ஒருவர். தூவச் சொன்னவர் ஒருவர்.

அந்த இலையைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்குத் துரை வந்தார். பாண்டு வாத்தியம். ராவ் சாகிப் சுகாதாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்... ஆதித்தன் இருமுகிறார். சரி, ஒன்றே கால் மணி நேரம். பிறகு கோடு போட்ட கம்பளி நிக்கரோடு படியில் இறங்கினார். ஒரே ஒரு முழுக்கு. எழுந்தார். கைதட்டல்.

துண்டோடு கரையில் நின்றது சொரிமுத்து. துவட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ராவ் சாகிப்பின் உச்சந்தலையில் எண்ணெய் வழிகிறது. சீயக்காய்த் தூள் ஒட்டியிருக்கிறது. எண்ணெயில் நாலு விரல்முட்டியின் தடம்... இடது புறங்கை. சொரிமுத்து திரும்பிப் பார்த்தார். ஏழாவது இலை காலி.

மூக்கில் வாசம் ஏறியதும் ராவ் சாகிப் கத்தினார். “எவம்லே என் குளத்துல எண்ணெ தேச்சுக் குளிச்சது?” துரை புருவத்தை உயர்த்தினார். சொரிமுத்துவுக்குச் சீட்டுக் கிழிந்தது. உத்தரவை எழுதி, திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதற்காக மேஜையில் வைத்தார் ராவ் சாகிப். தலையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். எண்ணெய் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாந்தி. ராத்திரி பேதி. திங்கட்கிழமை விடியும்போது ஆள் இல்லை.

சுகாதார இலாகா வந்தது. குளிப்பாட்டக் கூடாது, பொடி தூவி மூடவேண்டும் என்று பழைய உத்தரவைக் காட்டியது. அடியில் ராவ் சாகிப்பின் கையெழுத்தே இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்... தலையில் எண்ணெய் ஏற்கெனவே வைத்திருந்தது என்று.

ஏன் எல்லோரும் ஆதித்தனைப் பார்க்கிறீர்கள்? அவர் இருமவில்லை.

நோய் குளத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். உத்தரவு கையெழுத்தாகாததால் இன்னும் வேலையில் இருந்த சொரிமுத்து, டாக்டரின் கண்முன்னே ஆறு கோப்பையையும் வைத்து, அரைமணி நேரம் காத்திருந்து, மருந்தைச் சொட்டினார்.

ஆறும் நீலம். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.