அக்கரை இல்லாத ஏரி

வாலாஜாபாத் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில், பட்டணத்துக் கடற்கரைப் பொருட்காட்சியைக் கண்டு திரும்பும் ஒரு தம்பதி.

“கடலக் காட்டறேன்னுதானே இட்டுனு போனே? காட்டவே இல்லியே!” என்றாள் மனைவி.

“சுத்தி தகரம் அடிச்சி வச்சிட்டான். வெளிய போனா மறுக்கா உள்ள வுடமாட்டான். நீதான் கட கடையா பூந்துக்கினு இருந்தே.”

“பொறந்ததுலேர்ந்து ஆசப்பட்டது அது ஒண்ணுதான்யா.”

“ராட்டினம் உச்சிக்குப் போச்சே, அப்ப தெரியலியா?”

“பயத்துல கண்ண மூடிக்கினேன். நீ பாத்தியா?”

“நான் உன்னப் புடிச்சிக்கினு இருந்தேன்.”

“ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?”

“நம்ம ஏரியாட்டம்தான், அக்கர மட்டும் இல்லேன்னு சொல்லு.”

ஒரகடத்தில் பேருந்து ஏரியோரம் நின்றது. அவள் கையை உயர்த்தி எதிர்க்கரையை மறைத்துக்கொண்டு, நெடுநேரம் தண்ணீரையே பார்த்திருந்தாள்.

“எப்டி கீது?” என்றான் கணவன்.

“பெருசாத்தான் கீது.”