வளைவுக்கு அந்தப் பக்கம்

ஐயோ, இப்பவே அதைப் போட்டுடாதீங்க தம்பி. கம்ப்யூட்டரை மூடுங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

ஆமா, அந்தக் கார் ரேஸுக்கு ரேடியோவுல வர்ணனை சொன்னது நான்தான். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. மூணாவது வளைவுல நின்னு ஒருத்தர் படம் எடுத்து வச்சிருப்பாருன்னு நான் கனவுலகூட நினைக்கலை. அதோட அன்னைக்குப் பதிவான என் குரலைச் சேர்க்கணுமா? நல்லா மாட்டிவிட்டீங்க போங்க!

இல்ல தம்பி, டிவில சும்மா இருக்கலாம், படம் பேசும். ரேடியோவுல மூணு செகண்ட் வாயை மூடினா, கேக்கறவன் கெட்டுப்போச்சுன்னு மண்டையில ரெண்டு தட்டு தட்டுவான். என் மண்டையில இல்ல, ரேடியோ மண்டையில. நான் உக்காந்த கூண்டுல இருந்து அந்த வளைவு தெரியாது. நடுவுல டயர் போட்டு வைக்கிற கொட்டகை. அங்க போற வண்டியைக் காதாலதான் பார்ப்பேன். சத்தம் இறங்கினா பிரேக் போடறான், ஏறினா முந்தறான். மீதியை நானே அளந்து விடுவேன். கண்ணால பார்த்த மாதிரியே புளுகறயேய்யான்னு எங்க மேனேஜரே முதுகுல தட்டுவாரு.

அன்னைக்கு ஏழாம் நம்பர் வண்டி அந்தப் பக்கம் போச்சு. சத்தம் திரும்பி வரலை. கொட்டகைக்கு மேல புகை மட்டும் வந்துச்சு. ஆனா இந்தப் பாழாப்போன வாய் நிக்கலையே! கதவைத் திறந்துட்டார், வெளிய வந்துட்டார், ஹெல்மெட்டைக் கழட்டிட்டுக் கையைக் காட்டறார்னு சொல்லிட்டேன்.

ஆமா, செத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலன்னு பேப்பர்ல போட்டான். அதனால நான் சொன்னதை யாரும் கிளறலை.

மெதுவாப் பேசுங்க. உள்ள பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குதுல்ல? என் தங்கச்சி. உங்களுக்குத்தான் காபி போடறா. படம் பார்க்கணும்னு காலையிலயே நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டா. ஏழாம் நம்பர் அவ வீட்டுக்காரரு. அன்னைக்கு ரேடியோவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். கூட்டத்துக்கு இல்ல அண்ணா, எனக்குத்தான் கை காட்டினாருன்னு இன்னைக்கும் சொல்லுவா. எந்தக் கைன்னு ஒரு தடவை கேட்டா. வலது கைம்மான்னு சொல்லி வச்சிருக்கேன்.

தம்பி, நீங்க படத்தைப் பார்த்துட்டீங்கல்ல? அவ வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. அந்தக் கதவாவது திறந்துச்சா?