வேம்பாரில் பிறந்த சிலோன் பிள்ளை

"ஏளா, மந்திரிமாரைத் தோணியில ஏத்தி அனுப்பிட்டு, அங்கயிருந்து வந்தவுகள இங்கன வச்சுக்கிடலாம்!"

வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த மீன்காரம்மா பக்கத்திலிருந்தவளிடம் இப்படிச் சொன்னாள். சிலோன் கலவரத்துக்குத் தப்பித் தோணியில் வந்த புருஷன் பெண்டாட்டியைப் பற்றித்தான் பேச்சு.

"பேப்பரைத் திறந்தா மந்திரிமாரு ஊழலுதான். அகதிகிட்ட மட்டும் சட்டம் பேசுதானுவ. முந்தாநாள் ஜீப்புல ஒரு ஆபீசர் வந்து, 'திருப்பி அனுப்பணும், ஏறுங்க'ன்னாரு."

"ஏறிட்டாகளா?"

"எங்க ஏற? நெறமாசமா இருந்தவளுக்கு அப்பவே இடுப்பு வலி வந்துட்டு. எங்க வீட்டுலதான் புள்ள பொறந்துச்சு. ஊரே வாசல்ல நின்னுது. 'இது வேம்பார்ல பொறந்த புள்ள, இத எந்த ஊருக்கு அனுப்புவீய'ன்னு கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மேல கேக்குதேன்னு போனாரு. இன்னைக்குக் காலைல வந்து, மூணு பேரும் இங்கனயே இருக்கலாம்னுட்டாரு!"

இருவரும் பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்கள்.

"ஏளா, என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள. என் பேரத்தான் வச்சிருக்காக. இனி அவள அனுப்பணும்னா, மொதல்ல என்னைய அனுப்பட்டும்!"